22-ஆம் நம்பர்

கோம்பைக்கு மேற்கே, கடலைக் காடு முடியும் இடத்தில் ஒரு முள்வேலி. வேலிக்கு அப்பால் ஓடை. ஓடைக்கு அப்பால் மலை. மலை உச்சியில் ராமக்கல்மெட்டின் காற்றாலைகள் சுற்றுகின்றன. அது கேரளம். கீழே கடலைச் செடிகள் அசைகின்றன. இது தமிழ்நாடு.

வேலியோரம் ஒரு காட்டுப்பன்றி கிடக்கிறது. ஆண். வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கால்களைச் சுற்றி மண் அரைவட்டமாக உழுதிருக்கிறது. செடிகள் வேரோடு பிடுங்கிக் கிடக்கின்றன. வேரில் காய்கள். முகத்தின் மேல் யாரோ ஒரு தென்னங்கீற்றைப் போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணி.

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவர் காவலுக்கு நிற்கிறார்கள். ஒருவர் கையில் மூங்கில் கம்பு. இன்னொருவர் கையில் பன். புதிதாக வந்த ஒருவர், செத்த பன்றிக்கு எதற்குக் காவல் என்று கேட்கிறார். கம்புக்காரர் கூட்டத்தை ஒருமுறை பார்க்கிறார். பதில் சொல்வதில்லை.

கூட்டம் முப்பது பேர் இருக்கும். எல்லாரும் ஆண்கள். சிலர் வாயில் வேப்பங்குச்சி. ஒரு சிறுவன் வரப்பில் நின்று கொட்டாவி விடுகிறான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு இன்று ஓடவில்லை. அதனால் யாருக்கும் அவசரம் இல்லை.

ஒரு நாயும் வந்திருக்கிறது. செவலை உடம்பு. கறுத்த மூஞ்சி. இந்த ஊர் பேரையே தாங்கும் இனம். பன்றி வேட்டைக்குப் பேர்போன நாய். சங்கிலியில் இழுபட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் மூக்கு மட்டும் வேலை செய்கிறது. சங்கிலியைப் பிடித்திருக்கும் இளைஞன் அதன் தலையைத் தட்டுகிறான். நாய் அவனைப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் வேட்டையைத் தடுக்கும் சட்டம் 1972-இல் வந்தது. நாயின் மூக்குக்கு அது தெரியாது.

வனவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். காக்கிச் சட்டை. கக்கத்தில் நீளக் கணக்குப் புத்தகம். பையில் அளவு நாடா. கீற்றை ஒதுக்குகிறார். குனிந்து கழுத்தைப் பார்க்கிறார். பிடரி மயிருக்குள் விரலை விடுகிறார். ஒரு கம்பி தட்டுப்படுகிறது.

முறுக்கிய இரும்புக் கம்பி. மெல்லிய இழைகள் பல. கழுத்தின் அடியில் ஆரம்பித்துத் தோள் மேல் சாய்வாக ஏறிப் பின்னால் போகிறது. பின்னால் ஒரு வேலிக்கால். வேலிக்காலில் முடிச்சு. கம்பியின் ஒரு நுனியில் மிளகு அளவுக்கு ஓர் உலோகக் குண்டு.

வனவர் அந்தக் குண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுகிறார். மெதுவாக உருட்டுகிறார். பிறகு நிமிர்ந்து, பாதையில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கிறார்.

ஆறு வண்டிகள். நான்கு பைக். இரண்டு எக்செல். ஓர் எக்செல்லில் எல்லாம் பழசு. சீட் கிழிந்து கயிறு கட்டியிருக்கிறது. மட்கார்டு துரு. முன்பக்கப் பிரேக் கம்பி மட்டும் புதிது. பளபளக்கிறது.

வனவர் குண்டைக் கீழே விடுகிறார். புத்தகத்தைத் திறக்கிறார்.

மகஜருக்கு இரண்டு சாட்சி வேண்டும். வனவர் தலையைத் தூக்குகிறார். முப்பது தலைகள் வேறு பக்கம் திரும்புகின்றன. ஒரு தலை திரும்பத் தாமதமாகிறது.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. ஒரு கையெழுத்து."

"கறி வாங்கிட்டு வீட்டுக்குப் போறேன் சார்."

"அஞ்சு நிமிசம்ணே."

அவர் கையில் மஞ்சள் பை. பைக்குள் அரைக் கிலோ ஆட்டுக்கறி. பையைக் கீழே வைக்க இடம் தேடுகிறார். நாயைப் பார்க்கிறார். வைக்கவில்லை.

மருத்துவர் வர வேண்டும். உடற்கூறு பார்க்காமல் பன்றியை நகர்த்த முடியாது. அரசுக் கால்நடை மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை.

"டாக்டரு எப்ப வருவாரு?"

"கிளம்பிட்டாராம்."

பன் தீர்ந்துவிடுகிறது. காவலர் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். வெயில் மலையிலிருந்து இறங்கி ஓடைக்கு வருகிறது. ஓடையிலிருந்து வேலிக்கு வருகிறது.

ஊருக்குள் கறிக்கடையில் இரண்டாவது ஆடு தொங்குகிறது. கடைக்காரர் தொடைக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குத் தோலைக் கீறுகிறார். கத்தியை வாயில் கவ்விக்கொள்கிறார். கையை மூடி முஷ்டியாக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவே விடுகிறார். குத்துகிறார். தோல் விலகுகிறது. மறுபடி குத்து. மறுபடி விலகல். கத்திக்கு அதிகம் வேலை இல்லை. தோல் முழுசாகக் கழன்று வருகிறது.

அந்தக் கத்தி ஒரு காலத்தில் அகலமாக இருந்திருக்க வேண்டும். பிடியருகே அந்த அகலம் மிச்சம் இருக்கிறது. நுனிக்குப் போகப் போக வருசங்கள் தின்றிருக்கின்றன. ஆட்டுக்கு ஒருமுறை கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டுகிறார். ஐந்தாறு இழுப்பு. பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார். கடையில் வேலை பழகும் பையனுக்கு இன்னும் ஆட்டைத் தொட அனுமதி இல்லை. கல்லை மட்டும் தொடலாம்.

கடலைக் காட்டில் மஞ்சள் பைக்காரரின் போன் அடிக்கிறது.

"வந்துக்கிட்டே இருக்கேன்."

அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.

வரப்பில் ஒரு பெரியவர் குந்தியிருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். தலையில் துண்டு. நெற்றியில் திருநீறு. வந்ததிலிருந்து பேசவில்லை. கைகள் முழங்காலில். பன்றியின் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை பார்க்கிறார். வாலிலிருந்து தலைவரை ஒரு தடவை பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் எடை எவ்வளவு இருக்கும் என்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நூறு. நூற்றிருபது. பெரியவர் உதட்டைப் பிதுக்குகிறார். எண் சொல்வதில்லை.

"டாக்டரு எப்ப வருவாரு?"

"கிளம்பிட்டாராம்."

காட்டுக்காரர் வனவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். நிலம் அவருடையது இல்லை. குத்தகை. விதை அவருடையது. பிடுங்கிக் கிடக்கும் செடிகளைக் காட்டுகிறார். நேற்று இரவு மட்டும் இது. முந்தின வாரம் அந்த மூலை. அதற்கும் முந்தின வாரம் மக்காச்சோளம்.

"சுட்டுக்கலாம்னு கவர்மெண்டு சொல்லிருச்சுல்ல சார்?"

"யாரு சுடறது?"

"நீங்கதான்."

"எவ்வளவு தூரத்துல?"

காட்டுக்காரர் மலையைப் பார்க்கிறார். வனவரும் பார்க்கிறார்.

2025 ஜனவரி. தமிழ்நாடு அரசின் ஆணை. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி எந்தத் தூரத்திலும் சுட முடியாது.

இந்த வேலியிலிருந்து காப்புக்காட்டு எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை அடித்திருக்கிறது. பன்றி அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

காட்டுக்காரர் ஒரு பிடுங்கின செடியை எடுத்து மண்ணை உதறுகிறார். காய்களைப் பறித்து மடியில் போட்டுக்கொள்கிறார். அடுத்த செடி. அடுத்த செடி.

9.40-க்கு ஒரு ஸ்கூட்டர் வருகிறது. மருத்துவர் இளைஞர். பின்னால் உதவியாளர். உதவியாளருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். மடியில் ஐஸ் பெட்டி. தோளில் துணிப்பை. மருத்துவர் செருப்பைக் கழற்றி கம்பூட் போடுகிறார். பிளாஸ்டிக் மேலங்கி. இரண்டு ஜோடிக் கையுறை. ஒன்றின் மேல் ஒன்று.

உடனே வெட்டுவதில்லை. முதலில் மூக்கு. பிறகு வாய். வாலைத் தூக்கிப் பார்க்கிறார். மூன்று துவாரங்களிலும் ரத்தம் இல்லை. கறுத்து உறையாத ரத்தம் வழிந்திருந்தால் அடைப்பான் என்று சந்தேகம் வரும். அடைப்பானுக்குச் செத்த உடம்பைத் திறக்கக்கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதையாகி மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். முன்காலை மடக்கிப் பார்க்கிறார். மடங்கவில்லை. விறைப்பு முழுசாக இருக்கிறது. தலையசைக்கிறார்.

துணிப்பை திறக்கிறது.

வெள்ளைத் துணி விரிகிறது. அதன் மேல் ஓர் எஃகுப் பிடி. தட்டையானது. ஒரு சாண் கூட இல்லை. நுனி ஒடுங்கி, இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டியது. அதில் வெட்டும் பாகமே கிடையாது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஜிகினாத்தாள் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளேடு. எண் 22. வயிறு வளைந்த பிளேடு.

உதவியாளர் ஒரு பொட்டலத்தைக் கிழிக்கிறார். மருத்துவர் இடுக்கியால் பிளேடைப் பிடிக்கிறார். விரலால் தொடுவதில்லை. பிளேடின் நடுத்துளையைப் பிடியின் பள்ளத்தில் வைத்துத் தள்ளுகிறார். டிக்.

கூட்டத்தில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்கிறார்: "இம்புட்டுத்தானா?"

நியூயார்க்கில் மார்கன் பார்க்கர் என்ற பொறியாளர் 1915-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜில்லெட்டின் சவரப் பிளேடு சந்தைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முகத்துக்கு வந்த பழக்கம் அறுவை அறைக்கும் வந்தது. முனை மழுங்கினால் தீட்ட வேண்டாம். கழற்றி எறி. புதியதை மாட்டு. பார்க்கரும் பார்ட் என்பவரும் சேர்ந்து கம்பெனி நடத்தினார்கள். இரண்டு பேரின் முதல் எழுத்தும் இன்றுவரை பிடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கால்நடை மருத்துவமனைகளில் இதை பிபி ஹேண்டில் என்றுதான் கேட்பார்கள்.

அறுவை அறையிலிருந்து அது அமெரிக்கக் காட்டுக்கும் போயிற்று. அங்கே மான் வேட்டைக்காரரின் பையில் இதன் வாரிசு இருக்கிறது. மடக்குப் பிடி. பெரும்பாலும் ஆரஞ்சு நிறம். சருகில் விழுந்தால் கண்ணுக்குப் படவேண்டும். கூடவே ஒரு பட்டை நிறைய மாற்றுப் பிளேடு. அங்கே அதற்கு சீசன் உண்டு, லைசென்ஸ் உண்டு.

இங்கே காட்டுமிருகத்தின் தோலில் சட்டப்படி கத்தி வைக்கும் ஆள் இந்த மருத்துவர். அவர் அசைவம் சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

மருத்துவர் தாடைக்குக் கீழே பிளேடை வைக்கிறார். நெஞ்சு வழியாக வயிறு நோக்கி இழுக்கிறார். மேலிருந்து கீழே. பிளேடு மயிரின் மேல் நடக்கிறது. பன்றி மயிர் கம்பி ஜாதி. மயிரின் அடியில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறது. சேற்றில் மணல். கரகரவென்று சத்தம். ஒரு சாண் போகிறது. இரண்டாவது சாணில் தயங்குகிறது. மூன்றாவது சாணில் தோல் அறுபடவில்லை, அழுந்துகிறது.

வரப்பில் பெரியவரின் வலக்கை முழங்காலில் இருக்கிறது. பெருவிரல் மட்டும் திரும்புகிறது. நகம் வானத்தைப் பார்க்கிறது. அப்படியே முழங்கால் மேல் முன்னால் நகர்கிறது. நிற்கிறது. திரும்ப வருகிறது. மறுபடி நகர்கிறது.

பிளேடு மாறுகிறது. இடுக்கி. டிக். பழைய பிளேடு, மூடியில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விழுகிறது. உதவியாளர் வாய்க்குள் சொல்கிறார்: ஒண்ணு.

மருத்துவர் நெற்றியைப் புஜத்தில் துடைக்கிறார். துடைக்கும்போது பார்வை வரப்புப் பக்கம் போகிறது. பெரியவரின் பெருவிரல் நகர்ந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் ஒரு கணம் அதைப் பார்க்கிறார்.

குனிகிறார். இந்தத் தடவை அறுத்த வாயில் பிளேடை நுழைக்கிறார். வெட்டும் பக்கம் மேலே. தோலை இடது கையால் தூக்கிக்கொள்கிறார். உள்ளிருந்து வெளியே அறுக்கிறார். மயிர் இரண்டு பக்கமும் விலகிக் கொடுக்கிறது. கரகரப்பு இல்லை. வயிறு தாண்டித் தொடை வரைக்கும் ஒரே இழுப்பு.

பெரியவரின் விரல் நின்றுவிடுகிறது.

ஆட்டுத்தோல் மாதிரி பன்றித்தோல் கழன்று வராது. தோலுக்கும் சதைக்கும் நடுவில் கொழுப்பு. தோல் கொழுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். முஷ்டிக்கு அங்கே வேலை இல்லை. ஒவ்வொரு விரற்கடையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மருத்துவர் அறுக்கிறார். உதவியாளர் தோலை இழுத்துப் பிடிக்கிறார். அறுப்பு. இழுப்பு. அறுப்பு. இழுப்பு. உதவியாளரின் கையில் கொழுப்பு வழுக்குகிறது. சாம்பல் கேட்கிறார். பக்கத்துத் தோட்டத்து அடுப்பிலிருந்து ஒரு கை வருகிறது.

வெறும் சாவுக்கு இவ்வளவு உரிக்க வேண்டியதில்லை. கம்பி இறுக்கின இடம் வெளித்தோலில் மயிருக்குள் மறைந்துவிடும். தோலின் அடியில் மறையாது.

போன் அடிக்கிறது.

"வந்துக்கிட்டே இருக்கேன்... இல்ல, இல்ல, கெடாது."

மஞ்சள் பை இடது கையிலிருந்து வலது கைக்கு மாறுகிறது. ஓர் ஈ கூடவே மாறுகிறது.

கழுத்து முடிந்து தோள். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோளில் தோலுக்கு அடியில் தடித்த கவசம் ஒன்று உண்டு. இன்னொரு ஆணின் கோரைப்பல் பாயாமல் இருப்பதற்காக இயற்கை வைத்தது. பிளேடு அதில் ஏறுகிறது. மருத்துவர் மணிக்கட்டை லேசாகப் பக்கவாட்டில் திருப்புகிறார்.

டப்.

இது மாட்டும்போது கேட்ட சத்தம் இல்லை.

பிடியில் பாதிப் பிளேடு இருக்கிறது. மீதிப் பாதி இல்லை.

"யாரும் அசையாதீங்க."

முப்பது பேரும் அசைகிறார்கள். தங்கள் காலைப் பார்த்துக்கொள்கிறார்கள். செருப்பில்லாத ஒருவர் ஒரு காலைத் தூக்கி நிற்கிறார். சங்கிலிக்காரன் நாயைப் பின்னால் இழுக்கிறான். இந்தப் பிளேடின் குணம் அது. நேராகப் போனால் எதையும் அறுக்கும். பக்கவாட்டில் நெளித்தால் ஒடியும். ஒடிந்த துண்டு சதைக்குள் போனால் தேடுகிற விரலை அறுக்கும்.

மருத்துவர் விரலை வெளியே எடுத்துக்கொள்கிறார். இடுக்கியால் கவசத்தைத் தட்டுகிறார். சதை. சதை. சதை. ஒரு தடவை சத்தம் மாறுகிறது. இடுக்கி மூடுகிறது. துண்டு வருகிறது. பிடியில் இருக்கும் பாதியோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறார். விளிம்பு பொருந்துகிறது. இரண்டும் டப்பாவுக்குள் விழுகின்றன.

"மூணு," என்கிறார் உதவியாளர்.

இரண்டாவது எப்போது போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

காலைத் தூக்கி நின்றவர் காலைக் கீழே வைக்கிறார். முதலில் பெருவிரல். பிறகு மீதி.

உதவியாளர் தன் துணிப்பைக்குள் கைவிடுகிறார். சாக்கில் சுற்றிய ஒரு கத்தி வெளியே வருகிறது. மரப்பிடி. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. முனை வெள்ளையாக மின்னுகிறது. நேற்றுத் தீட்டியிருக்கிறார்.

"சார், தோளுக்கு மட்டும்..."

மருத்துவர் கத்தியைப் பார்க்கிறார். நாலாவது பொட்டலத்தைக் காட்டுகிறார். உதவியாளர் கத்தியை மறுபடி சாக்கில் சுற்றுகிறார். மெதுவாகச் சுற்றுகிறார். பொட்டலத்தைக் கிழிக்கிறார்.

தோள் திறக்கிறது. கவசத்தின் ஓரத்தில் தொடங்கி, கழுத்தைச் சுற்றி, காதுக்குக் கீழே வரைக்கும் ஒரு பட்டை. இரண்டு விரல் அகலம். நாவல்பழ நிறம். சதைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது. உயிர் இருக்கும்போது இறுகினால்தான் இந்த நிறம் வரும்.

மருத்துவர் பக்கத்தில் அளவுகோலை வைக்கிறார். வனவர் போனில் படம் எடுக்கிறார். கூட்டத்திலிருந்தும் ஏழெட்டுப் போன் நீளுகின்றன. கம்புக்காரர் கம்பைக் குறுக்கே பிடிக்கிறார். போன்கள் கம்புக்கு மேலே உயர்கின்றன.

எக்செல்காரர் போனை எடுக்கவில்லை. அவர் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விலா எலும்புக்கு மருத்துவர் தாமாகவே உதவியாளர் பக்கம் கை நீட்டுகிறார். சாக்கு மறுபடி பிரிகிறது. விலாவின் குருத்தெலும்பில் கத்தி இறங்குகிறது. ஆறு வெட்டு. நெஞ்சு திறக்கிறது. உதவியாளர் யாரையும் பார்ப்பதில்லை. கத்தியைப் புல்லில் துடைக்கிறார். இரண்டு பக்கமும் துடைக்கிறார். முகத்தில் ஒரு சின்ன நிறைவு.

மூச்சுக்குழாயில் நுரை. நுரையீரல் கருஞ்சிவப்பு. மருத்துவர் சொல்கிறார். வனவர் எழுதுகிறார். சில சொற்களுக்கு இரண்டாவது தடவை கேட்கிறார்.

ஐந்தாவது பிளேடு. இது உறுப்புகளுக்கு. கல்லீரலில் ஒரு துண்டு. சிறுநீரகத்தில் ஒரு துண்டு. ஃபார்மலின் பாட்டிலில் போடுகிறார். விஷப் பரிசோதனைக்கு உப்புக் கரைசல் பாட்டில் வேறு. மண்ணீரலில் ஒரு துண்டு தனியாக ஐஸ் பெட்டிக்குப் போகிறது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று தெரிந்தது. கழுத்தில் கம்பி இருந்தாலும் மண்ணீரலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிறகு இரைப்பை.

மருத்துவர் அதை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் வைத்துக் கீறுகிறார். வெள்ளையாக, கூழாக வெளியே சரிகிறது. கூழுக்குள் பருப்புகள். சில பாதி. சில முழுசு. சிவப்புத் தோல்கூட உரியவில்லை.

காட்டுக்காரர் குனிந்து பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார்.

"நம்ம கடலைதான்."

"எழுதிக்கங்க சார்," என்கிறார் பக்கத்தில் இருப்பவர். "நஷ்ட ஈட்டுக்கு ஆகும்."

வனவர் எழுதுகிறார்: இரைப்பையில் நிலக்கடலை. எவ்வளவு என்று கேட்கிறார். மருத்துவர் ஒரு பாலித்தீன் பையில் அள்ளிக் கையால் தூக்கிப் பார்க்கிறார். காட்டுக்காரரும் தன் மடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறார்.

வேலை முடிகிறது. மருத்துவர் பிளேடைக் கழற்றுகிறார். மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் கை அறுபடும். இடுக்கியால் பிளேடின் குதிப்பகுதியைத் தூக்கி, முன்னால் தள்ளி, தன் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக் கழற்றுகிறார். டப்பா. அஞ்சு. மூடிக்கு மேல் பிளாஸ்திரி. பிடியை ஓடைத் தண்ணீரில் கழுவுகிறார். பிறகு ஸ்பிரிட். வெயிலில் அது மறுபடி புதிது. வெட்டியதன் தடயம் அதில் இல்லை.

உதவியாளரின் கத்தியில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கிறது. விலா எலும்பு. அவர் பெருவிரலால் தடவிப் பார்க்கிறார். இன்று மாலை கல்லுக்கு வேலை இருக்கிறது.

வனவர் வரப்பில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைக்கிறார். மூடியைத் திருகிப் பேனாவைத் திறக்கிறார். திடீரென்று கேட்கிறார்.

"பெருசு, உங்களுக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமோ?"

பெரியவர் திருநீற்றைத் தொட்டுக்கொள்கிறார்.

"நமக்கு என்ன சார் தெரியும். நான் சைவம்."

கூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள். இருமல் பரவுகிறது.

பகல் 12. காவலர்கள் விறகு அடுக்குகிறார்கள். காய்ந்த தென்னை மட்டை, புளிய விறகு, பழைய டயர் ஒன்று. செத்தாலும் காட்டுமிருகம் அரசின் சொத்து. சட்டத்தின் 39-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. புதைத்தால் இரவில் தோண்டுவார்கள். தோண்டுவது நரி மட்டும் அல்ல. அதனால் எரிப்பு. தோல், சதை, எலும்பு, கோரைப்பல் எல்லாம் ஒன்றாக விறகின் மேல் ஏறுகின்றன. எட்டுப் பேர் தூக்குகிறார்கள். தூக்க எட்டுப் பேர் போதுமா என்று வனவர் கேட்டபோது இருபது பேர் வந்திருந்தார்கள்.

டீசல். தீக்குச்சி.

முதலில் மயிர் பொசுங்குகிற நாற்றம். எல்லாரும் மூக்கைப் பொத்துகிறார்கள். பிறகு டயர் புகை. எல்லாரும் விலகுகிறார்கள். பிறகு காற்று திரும்புகிறது. கொழுப்பு உருகித் தீயில் சொட்டுகிறது. வேறு ஒரு வாசனை வருகிறது.

யாரும் எதுவும் பேசுவதில்லை. மூக்கைப் பொத்தின கைகள் இறங்குகின்றன. மணி என்ன என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் எச்சில் விழுங்குகிறார். பெரியவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடக்கிறார். நாயை இரண்டு பேர் சேர்ந்து இழுத்துப் போகிறார்கள்.

காவலர்கள் சாம்பல் ஆகும்வரை நிற்க வேண்டும். கம்புக்காரர் கம்பால் தீயைத் தள்ளிவிடுகிறார். இன்னொருவர் எங்கே இன்னொரு பன் கிடைக்கும் என்று விசாரிக்கிறார்.

வனவர் மகஜரை வாசிக்கிறார். இடம். நேரம். நான்கு எல்லை. ஆண் காட்டுப்பன்றி ஒன்று. இறப்புக்குக் காரணம், கழுத்தில் சுருக்குக் கம்பி இறுகி மூச்சடைப்பு. கைப்பற்றிய பொருள், இரண்டு சக்கர வாகனத்தின் பழைய பிரேக் கம்பிகள் இணைத்துச் செய்த சுருக்கு ஒன்று. எதிரி, பெயர் விலாசம் தெரியாத நபர். 1972-ஆம் வருடத்திய சட்டம், பிரிவு 9, பிரிவு 51.

முதல் சாட்சி பையை இடது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போடுகிறார். பையின் அடியில் ஈரம். போன் அடிக்கிறது. எடுக்காமல் நடக்கிறார்.

இன்னொரு சாட்சி வேண்டும். கூட்டம் கலைந்துவிட்டது. பாதையில் ஒரே ஒரு எக்செல் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் உதைக்கிறார். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைக்கிறார்.

"தம்பி," என்கிறார் வனவர். "ஒரு கையெழுத்து."

அவர் வருகிறார். பேனாவை வாங்குகிறார். எதிரி என்ற வரியைப் படிக்கிறார். நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரும் தகப்பன் பெயரும் சேர்த்துத் தமிழில் எழுதுகிறார்.

"வண்டிக்குப் புதுசா கம்பி மாத்தினீங்க போல?"

"ஆமா சார். பழசு அறுந்து போச்சு."

வனவர் புத்தகத்தை மூடுகிறார். இந்த முறை வண்டி முதல் உதையில் கிளம்புகிறது.

திங்கட்கிழமை காலை கால்நடை மருந்தகத்தில் இருப்புப் பதிவேடு திறக்கிறது. உதவியாளர் எழுதுகிறார். அறுவை பிளேடு, எண் 22. செலவு, 5. எந்த விலங்குக்கு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே பசு, பசு, வெள்ளாடு, பசு. அதற்குக் கீழே காட்டுப்பன்றி.